வாராக்கடன் என்று எழுதித் தள்ளிய பறவை

காலை நடை முடிந்ததும் பூங்காவில் வேப்பமரத்தடிப் பெஞ்சில் அரை மணி நேரம் உட்காருவது எங்கள் வழக்கம். ஐந்தாறு பேர், எல்லாரும் பென்ஷன்காரர்கள். ஒருவர் பேப்பர் கொண்டு வருவார், மற்றவர்கள் அபிப்பிராயம் கொண்டு வருவார்கள். போன வாரம் மொரீஷியஸ் தீவைப் பற்றிப் பேச்சு வந்தது. என் மகளும் மாப்பிள்ளையும் அங்கே நாலு வருஷம் வேலை பார்த்தார்கள். நானும் மனைவியும் போய் இரண்டு மாதம் தங்கியிருந்தோம். அங்கே நான் பார்த்த ஒரு சிறிய வல்லூறைப் பற்றிச் சொன்னேன். ஒரு காலத்தில் உலகத்திலேயே நாலு மட்டும் காட்டில் மிஞ்சியிருந்த பறவை அது. இன்றைக்குச் சில நூறு இருக்கிறது. அதற்காக ஐம்பது வருஷமாக ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்றேன்.

மின்வாரியத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் சிரித்தார். "சார், நீங்க பேங்க்ல இருந்தவர். நீங்களே சொல்லுங்க, நாலு பறவைக்கு ஐம்பது வருஷம் பணம் கொட்டறது எந்தக் கணக்குல சேர்த்தி? போறது போகட்டும்னு அன்னிக்கே விட்டிருக்கணும். சரி, காப்பாத்திட்டாங்க. அத்தோட மூட்டை கட்டியிருக்கணும். இன்னும் என்ன எண்ணிக்கிட்டு இருக்கான்?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டாவது காபி குடிக்கும்போதுதான் கோபம் வந்தது. நம் வயதில் எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். நண்பர் சொன்னவை இரண்டு யோசனைகள். நம்பிக்கை இல்லாததைக் கைவிடு என்பது ஒன்று. தேறியதும் கவனிப்பதை நிறுத்து என்பது மற்றொன்று. கேட்பதற்கு இரண்டும் விவரமான பேச்சு மாதிரி இருக்கும். இரண்டும் தப்பு. உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, கணக்குப்படியே தப்பு. அந்தப் பறவையின் கதையை வைத்தே சொல்கிறேன்.

கோழி தின்னி என்ற பழி

மொரீஷியஸ் நமக்கு ரொம்ப அந்நியமான ஊர் இல்லை. 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கப்பல் கப்பலாகப் போன தீவு. அவர்களில் நம் ஜனங்களும் உண்டு. இன்றும் அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. டோடோ என்ற பறக்காத பெரிய பறவை வாழ்ந்து, 17-ஆம் நூற்றாண்டில் அடியோடு அழிந்துபோனதும் அதே தீவில்தான்.

நான் சொல்லும் பறவையின் பெயர் மொரீஷியஸ் கெஸ்ட்ரல். வல்லூறு இனத்தில் சின்னது, புறாவைவிடக் கொஞ்சம் சிறியது. பழுப்பு முதுகு, வெள்ளை மார்பில் கறுப்புப் புள்ளிகள். உலகத்தில் வேறெங்கும் கிடையாது, அந்தத் தீவில் மட்டும்தான். வல்லூறுகளுக்குப் பொதுவாக நீளமான கூர்மையான இறக்கை இருக்கும். இதற்குக் குட்டையான, முனை மழுங்கிய இறக்கை. அடர்ந்த காட்டுக்குள் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து பறந்து பல்லி பிடிக்க அதுதான் தோது. முக்கியச் சாப்பாடு, மரத்தில் திரியும் பச்சைப் பல்லிகள். கூடவே பூச்சிகள், சிறு பறவைகள், சுண்டெலி.

ஆனால் தீவுக்காரர்கள் பிரெஞ்சில் இதற்கு வைத்த பெயர் 'மான்ஜர் த பூல்'. கோழி தின்னி என்று அர்த்தம். பல்லி பிடித்துப் பிழைக்கிற பறவைக்குக் கோழித் திருடன் என்று பட்டம் கட்டி, கண்ட இடத்தில் சுட்டார்கள். ஒரு தடவை கெட்ட பெயர் எழுதிவிட்டால் பிறகு யாரும் ரிக்கார்டைச் சரிபார்ப்பதில்லை. இது பறவைக்கு மட்டும் நடக்கிற அநியாயம் இல்லை.

துப்பாக்கி ஒரு காரணம்தான். பெரிய காரணம் காடு போனது. கரும்புக்காகத் தீவையே மொட்டையடித்தார்கள். நல்ல நிலையில் இருக்கும் பூர்வீகக் காடு இன்றைக்கு நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மிச்சமிருந்த காட்டுக்குள் வெளியூர்ப் பிராணிகள் புகுந்தன. கப்பலில் வந்த கறுப்பு எலி, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த குரங்கு, பூனை. போதாததற்கு எலியை ஒழிக்கிறேன் என்று நம் நாட்டிலிருந்து கீரியைக் கொண்டுபோய் விட்டார்கள். மரப் பொந்தில் முட்டையிடும் பறவையின் கூட்டுக்குள் குரங்கு கையை விட்டால் என்ன மிஞ்சும்?

அப்புறம் டிடிடி. எங்கள் தலைமுறைக்கு ஞாபகம் இருக்கும். மலேரியா ஊழியர்கள் முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு வந்து வீட்டுச் சுவரெல்லாம் அடித்துவிட்டு, வாசல் கதவுப் பக்கம் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். இரண்டு நாளைக்கு அந்த வாடை போகாது. மொரீஷியஸிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலேரியாவை ஒழிக்க அதே மருந்தை அடித்தார்கள். அந்த மருந்து எத்தனையோ மனித உயிரைக் காப்பாற்றியது. அடித்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அது பூச்சிக்குள் போய், பூச்சியைத் தின்ற பிராணிக்குள் போய், அதைத் தின்ற வல்லூறின் உடம்பில் சேர்ந்தது. டிடிடி சேர்ந்த வல்லூறின் முட்டை ஓடு மெலிந்துவிடும். தாய் அடைகாக்க உட்கார்ந்தாலே நொறுங்கும். பிரிட்டனில் டெரிக் ராட்கிளிஃப் என்பவர் பழைய காலத்தில் சேகரித்து வைத்த முட்டை ஓடுகளையும் புதிய ஓடுகளையும் எடைபோட்டு ஒப்பிட்டு, 1967-இல் பெரிய வல்லூறு விஷயத்தில் இதை வெளியிட்டார். மொரீஷியஸ் வல்லூறின் வீழ்ச்சிக்கும் இந்த மருந்து ஒரு காரணம் என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இவ்வளவும் சேர்ந்து, 1974-இல் காட்டில் இருந்ததாகத் தெரிந்தவை நாலே நாலு. அதில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பெண் பறவை ஒன்றே ஒன்று.

எழுதித் தள்ளியவர்கள்

இந்த இடத்தில்தான் என் நண்பரின் முதல் யோசனை வருகிறது. அதை முதலில் சொன்னவர் அவர் இல்லை. நார்மன் மையர்ஸ் என்ற பெயர் பெற்ற பிரிட்டிஷ் சுற்றுச்சூழல் அறிஞர் 1979-இல் வெளியிட்ட நூலில் இதே பறவையைப் பெயர் சொல்லி எழுதினார். இது கிட்டத்தட்ட முடிந்த கதை, இதை விட்டுவிட்டு, பிழைக்க வாய்ப்புள்ள மற்ற பறவைகளுக்கு அந்தப் பணத்தைச் செலவிடலாமே என்பது அவர் வாதத்தின் சாரம். மையர்ஸ் பறவைகளுக்கு விரோதி இல்லை. அழிவைப் பற்றி உலகத்துக்கு எச்சரிக்கை மணி அடித்தவர்களில் முக்கியமானவர். போர்க்கள ஆஸ்பத்திரியில் டாக்டர், பிழைக்கக்கூடியவனை முதலில் பார்ப்பதைப் போல நாமும் செய்ய வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். கையில் இருக்கிற பணம் கொஞ்சம், நோயாளிகள் அதிகம். கேள்வி நியாயமானது. பதில்தான் தப்பு.

ஏன் தப்பு என்று எனக்குப் புரிந்தது பறவைப் புத்தகம் படித்து அல்ல. நானே அந்தத் தப்பைச் செய்தவன்.

1980-களில் டெல்டாவில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் மேனேஜராக இருந்தேன். பம்பு செட்டுக்குக் கடன் வாங்கிய ஒரு விவசாயி மூன்று வருஷம் தவணை கட்டவில்லை. மார்ச் மாதக் கடைசி. மேலிடத்திலிருந்து தினமும் போன், பழைய நிலுவையை முடித்துக் காட்டு என்று. அவர் கணக்கில் நான் எழுதினேன்: வசூலாக வாய்ப்பில்லை. ஒரே வரி. புத்தகம் சுத்தமாயிற்று, எனக்கு மெச்சிக் கடிதமும் வந்தது. ஆனால் அந்த ஒரு வரியால் அடுத்த குறுவைக்கு அவருக்குப் பயிர்க்கடன் கிடைக்கவில்லை. வெளியே வட்டிக்கு வாங்கினார், முக்கால் ஏக்கரை விற்றார். இரண்டு வருஷம் கழித்து அவருடைய சம்சாரம் முந்தானையில் முடிந்த பணத்தோடு வந்து, "ஐயா, பேங்க்குக்கு எவ்வளவு பாக்கி இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தியிருந்தால் தவணை வந்திருக்கும். நான் போய்க் கிணற்றை எட்டிப் பார்க்கவே இல்லை. லெட்ஜரை மட்டும் பார்த்தேன்.

பாக்கி எவ்வளவு என்று பார்ப்பது குமாஸ்தா வேலை. ஏன் பாக்கி என்று பார்ப்பதுதான் மேனேஜர் வேலை. நாலு என்ற எண் எவ்வளவு என்பதை மட்டும்தான் சொல்லும். ஏன் நாலாயிற்று என்பதை அது சொல்லாது. வாராக்கடன் என்று எழுதிவிட்டால் உதவி நின்றுவிடும். உதவி நின்றால் அது நிஜமாகவே வாராக்கடன் ஆகிவிடும். எழுதியவன், "நான் அப்போதே சொன்னேனே" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். இதைத்தான் நான் எதிர்க்கிறேன். நம்பிக்கை இல்லை என்ற தீர்ப்பு தன்னைத்தானே நிரூபித்துக்கொள்ளும் தீர்ப்பு.

கிணற்றை எட்டிப் பார்த்தவர்கள்

மொரீஷியஸில் கிணற்றை எட்டிப் பார்க்க ஆள் இருந்தார்கள். 1970-களின் முற்பகுதியில் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்கர் வேலையைத் தொடங்கினார். 1974-இல் ஒரு முக்கியமான விஷயம் தெரிந்தது. வழக்கமாக மரப் பொந்தில் முட்டையிடும் இந்தப் பறவைகளில் ஒரு ஜோடி, குரங்கு ஏற முடியாத செங்குத்துப் பாறையில் ஒரு பொந்தைத் தேர்ந்தெடுத்தது. குஞ்சுகள் பிழைத்தன. அப்படிப் பிழைத்தவை பின்னால் தாமும் பாறையையே நாடின. இனப்பெருக்கச் சக்தி போகவில்லை, பாதுகாப்பான இடம்தான் இல்லை என்று அந்த ஒரு கூடு சொல்லிவிட்டது. இது பாக்கித் தொகை இல்லை, பாக்கியின் காரணம்.

1979-இல், மையர்ஸின் நூல் வந்த அதே வருஷம், கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞர் தீவுக்கு வந்தார். வயது 24. சிறுவயதில் வீட்டுத் தோட்டத்தில் அடிபட்ட கெஸ்ட்ரல்களை வளர்த்தவர். பணம் போதவில்லை, பலன் தெரியவில்லை, திட்டத்தை மெதுவாக இழுத்து மூடிவிட்டு வா என்பதுதான் அவரை அனுப்பியவர்களின் எண்ணம். அவர் மூடவில்லை.

அவர் செய்தது பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும், நாட்டுக்கோழி முட்டையை எடுத்துக்கொண்டே வந்தால் அது மறுபடி இடும். வல்லூறும் அப்படித்தான். கயிற்றில் தொங்கிப் பாறையில் இறங்கி முதல் ஈட்டு முட்டைகளை எடுத்தார்கள். தாய் மறுபடி முட்டையிட்டது. எடுத்த முட்டைகளை இன்குபேட்டரில் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்தார்கள். சிலதை வேறு ஜோடிகளின் கூட்டில் வளர்ப்புப் பிள்ளையாக வைத்தார்கள். மற்றவற்றைக் காட்டில் விட்டு, சொந்தமாக வேட்டையாடப் பழகும் வரை சாப்பாடு வைத்தார்கள். காட்டுப் பறவைகளுக்கும் வெள்ளெலி கொடுத்து உடம்பைத் தேற்றினார்கள். கீரி, பூனை, எலிகளைக் கூட்டுப் பக்கம் வராமல் பிடித்தார்கள். குரங்கு நுழைய முடியாத மரப்பெட்டிகளைக் கூடாகப் பொருத்தினார்கள். ஜெர்சி தீவில் ஜெரால்ட் டரல் தொடங்கிய அமைப்பும், அமெரிக்காவின் பெரெக்ரின் ஃபண்ட் அமைப்பும், மொரீஷியஸ் அரசும், அங்கேயே 1984-இல் தொடங்கிய மொரீஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷனும் கைகொடுத்தன.

பத்து வருஷத்தில் 330-க்கும் மேற்பட்ட பறவைகளைக் காட்டில் விட்டார்கள். 1994 வாக்கில் காட்டில் 200-க்கும் 300-க்கும் இடையில் இருந்தன. நாலு என்று எழுதித் தள்ளிய கணக்கு அது!

வரவை முழுதாகப் பார்த்தால் இன்னும் பெரிது. இந்தப் பறவையில் கற்ற கைத்தொழிலை அதே ஆட்கள் மற்ற பறவைகளிடம் காட்டினார்கள். மொரீஷியஸின் இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் காட்டில் பத்தளவுக்குத்தான் இருந்தது, இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறது. எக்கோ என்ற பச்சைக்கிளியும் அதே மாதிரி விளிம்புவரை போய்த் திரும்பி வந்தது. மையர்ஸ் சொன்னபடி வல்லூறை விட்டுவிட்டு, பிழைக்கக்கூடிய பறவைகளுக்குப் பணத்தைக் கொடுத்திருந்தால், அந்தப் பறவைகளைப் பிழைக்க வைக்கும் வித்தை தெரிந்தவர் யாருமே இருந்திருக்க மாட்டார்கள். கடினமான கேஸில்தான் டாக்டர் டாக்டராகிறார்.

கணக்கை மூடிய அவசரம்

இதோடு கதை முடிந்திருந்தால் இது வெறும் நல்ல செய்தி. நான் இவ்வளவு சூடாக எழுதியிருக்க மாட்டேன். இப்போது நண்பரின் இரண்டாவது யோசனைக்கு வருகிறேன். காப்பாற்றியாயிற்று, மூட்டை கட்டு.

உலகம் அப்படித்தான் செய்தது. 1994-க்குப் பிறகு பறவைகளை விடுவதை நிறுத்தினார்கள். இனி தானே பெருகும் என்றார்கள். உலகப் பட்டியலில் ஆபத்து நிலையில் ஒரு படி இறக்கினார்கள். புத்தகங்களிலும் மேடைகளிலும் வெற்றிக் கதையாயிற்று. 2000-களில் 500 இருக்கும், 800 இருக்கும் என்றெல்லாம் மதிப்பீடுகள் வந்தன. பிறகு நிதானமாக எண்ணிப் பார்த்தபோது அவ்வளவு இல்லை. 400-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான். தீவின் வடக்கே மோக்கா மலைத்தொடரில் விட்டவை நிலைக்கவில்லை. மேற்கே பிளாக் ரிவர் பள்ளத்தாக்குப் பக்கம் ஒன்று, கிழக்கே பம்பூ மலைகளில் ஒன்று என இரண்டு கூட்டங்கள், நடுவில் கரும்பும் ஊர்களும். இறக்கிய படியை 2014-இல் மறுபடி ஏற்றி, அழியும் நிலையில் உள்ளது என்று பட்டியலில் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

அந்தத் திருத்தத்தை எழுத முடிந்ததே, யாரோ எண்ணிக்கொண்டிருந்ததால்தான். கிழக்கு மலைகளில் 1987-இல் பறவைகளைத் திரும்பக் கொண்டுவிட்ட நாளிலிருந்து வருஷா வருஷம், செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை, ஒவ்வொரு கூடாகப் போய்ப் பார்க்கிறார்கள். எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எது எந்தக் குஞ்சு என்று காலில் நிற வளையம் மாட்டிப் பதிவு செய்கிறார்கள். எந்தப் பறவைக்கு யார் அப்பன், யார் அம்மா, எங்கே பிறந்தது, எப்போது காணாமல் போனது என்ற விவரம் இருக்கிறது. நம் பாஸ்புக் மாதிரி. உலகத்தில் காட்டுப் பறவைகளுக்கு இப்படிப்பட்ட பதிவு அபூர்வம்.

அந்த எண்ணிக்கை சொன்ன விஷயங்களைக் கேளுங்கள். கூட்டம் பெருகி இடம் நிரம்பியதும் முதல் வருஷக் குஞ்சுகள் பிழைக்கும் விகிதம் குறைந்தது. அதாவது, பறவைக்குக் குறையில்லை, காடுதான் போதவில்லை. இன்னொன்று மழை. கோடைக்கு முன் மழை கூடினால் முட்டையிடுவது தள்ளிப்போகிறது. தள்ளிப்போனால் குஞ்சு கூட்டில் இருக்கும் சமயம் பெருமழையில் மாட்டுகிறது. நனைந்த காட்டில் தாய் தகப்பனால் பல்லி பிடிக்க முடியாது. மற்றொன்று என் மனசை ரொம்பத் தொட்டது. மனிதன் மாற்றிவிட்ட நிலத்தை ஒட்டிப் பிறந்த பெண் பறவைகள் சீக்கிரமாகவே குஞ்சு பொரித்து, சீக்கிரமாகவே தளர்ந்து போகின்றன என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. வறுமையில் பிறந்த பிள்ளைக்கு முப்பது வயதில் நரை விழுவதை நாம் பார்த்திருக்கிறோம். பறவைக்கும் அப்படி இருக்கிறது என்பதை, பிறந்த கூட்டிலிருந்து சாகும் வரை பின்தொடர்ந்து எழுதியவர்களால்தான் சொல்ல முடிந்தது.

ரத்த சம்பந்தமான கணக்கும் உண்டு. மியூசியங்களில் 150 வருஷத்துக்கும் மேலாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளின் மரபணுவை இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டு 2000-இல் ஓர் ஆய்வு வந்தது. பழைய பறவைகளிடம் இருந்த வகைகளில் பல இன்றைக்கு இல்லை. எல்லாமே ஏறக்குறைய ஒரே வீட்டுப் பிள்ளைகள். சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நாளைக்கு ஒரு புது நோய் வந்தால் எல்லாவற்றையும் ஒரே அடியாகச் சாய்க்கலாம். அந்தக் கவலை எண்ணிக்கை ஏறியதால் மட்டும் தீராது.

ஆகவே நண்பரே, இருநூறு ஆனதும் கணக்கை மூடுவது, தவணை இரண்டு ஒழுங்காக வந்ததும் ஃபைலைக் கிழித்துப் போடுவதற்குச் சமம். எந்த மேனேஜரும் செய்ய மாட்டார்.

சொல்லக்கூடிய சமாதானங்கள்

மனிதனே கஷ்டப்படும்போது பறவைக்கு எதற்குப் பணம் என்பார்கள். இதை ரொம்ப நேர்மையாகக் கேட்பவர்களும் உண்டு, அவர்களுக்கு மரியாதையாகப் பதில் சொல்கிறேன். பறவைக்குச் செலவிடாத பணம் ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாக என் அறுபது வருஷ அனுபவத்தில் பார்த்ததில்லை. அந்த வல்லூறை அழித்தது ஏழையின் பசி அல்ல. ஏற்றுமதிக் கரும்பு. அதே கரும்புதான் நம் ஜனங்களைக் கூலியாக இழுத்துக்கொண்டு போய் முதுகை ஒடித்தது. காடு வெட்டியதும் ஆள் கட்டியதும் ஒரே கை.

அழிவது இயற்கை என்பார்கள். குரங்கு நீந்தியா வந்தது? கீரி பாஸ்போர்ட் எடுத்தா போனது? மனிதன் கொண்டுபோய் விட்டான். செய்த கையால் சரிசெய்வதைத் தர்மம் என்றுகூடச் சொல்லத் தேவையில்லை, கடனை அடைப்பது என்று சொன்னால் போதும்.

ஆஸ்பத்திரிக் குழந்தை மாதிரி ஊட்டி வளர்த்த பறவை காட்டில் எப்படிப் பிழைக்கும் என்பார்கள். பிழைத்தது. இன்று காட்டில் இருப்பவை எல்லாம் அந்த மிச்சம் மீதியின் வாரிசுகள்தானே.

நம் நாட்டு விஷயம் ஒன்றும் சொல்கிறேன். பிணந்தின்னிக் கழுகுகள் நம் கண்முன்னேயே காணாமல் போயின. யாருக்கும் தெரியவில்லை. பரத்பூர் சரணாலயத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் விபு பிரகாஷ் 1980-களில் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். 1990-களில் மறுபடி எண்ணியபோதுதான் விபரீதம் தெரிந்தது. பிறகு மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி மருந்துதான் காரணம் என்று 2004-இல் உறுதியாகி, 2006-இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. முதல் எண்ணிக்கை இல்லையென்றால் இரண்டாவது எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. மிச்சமிருக்கும் கழுகுகள் இன்று நம் மோயாறு பள்ளத்தாக்கில் சுற்றுகின்றன. அவற்றையும் எவனோ ஒருவன் வெயிலில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறான். அவனை வேலையற்றவன் என்று சொல்லாதீர்கள்.

தீவின் கிழக்கே ஃபெர்னி பள்ளத்தாக்குக்கு மகள் எங்களைக் கூட்டிப் போனாள். வழிகாட்டி இளைஞர் செத்த வெள்ளெலி ஒன்றைக் கையில் எடுத்து உயர்த்தினார். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, மரங்களுக்குள்ளிருந்து ஒரு பழுப்பு நிறக் கோடு. எலியைக் காணோம். எதிர்க் கிளையில் உட்கார்ந்து எங்களை ஒரு பார்வை பார்த்தது. காலில் நிற வளையம். என் மனைவி, "இதுக்கும் ஒரு நம்பர் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றார் இளைஞர், அதன் தாயையும் அவருக்குத் தெரியுமாம்.

2022-இல் மொரீஷியஸ் அரசு இந்த வல்லூறைத் தேசியப் பறவையாக அறிவித்தது. டோடோவை நினைத்து அழுதுகொண்டிருந்த நாடு, உயிரோடு இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பட்டம் கொடுத்தால் போதாது. காட்டை விரிக்க வேண்டும், இரண்டு கூட்டங்களுக்கும் போக்குவரத்து ஏற்பட வேண்டும், கீரியையும் குரங்கையும் தள்ளி வைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வருஷா வருஷம் எண்ண வேண்டும். இதில் எதையாவது நிறுத்தச் சொல்பவர், எதை வைத்து நிறுத்தச் சொல்கிறார் என்று கணக்குக் காட்டட்டும்.

அந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து என் மேஜையில் வைத்த பணம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நாளைக் காலை பெஞ்சில் இதை நண்பருக்குப் படித்துக் காட்டப் போகிறேன். அவர் மின்வாரியத்துக்காரர். முப்பது வருஷம் மீட்டர் ரீடிங் எடுக்காமல் பில் போட்டதுண்டா என்று மட்டும் கேட்பேன்.